இணையவழிப் பாடமும் வயற்குழாயும்

நெல் வயலில் எப்பொழுதும் ஜலம் நிற்க வேண்டுமென்பது விவசாயிகளிற் பலருடைய எண்ணம். அஃது அவசியமன்று என்பதைப் பிலிப்பைன்ஸ் தேசத்தில் 1960-ஆம் ஆண்டு ஸ்தாபிக்கப்பட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வயற் பரீட்சைகளாற் காட்டியிருப்பதோடு, அதற்குரிய முறையை இணையவழிப் பாடமாகவும் வெளியிட்டுள்ளது. கிராம உத்தியோகஸ்தர்கள் இருந்த இடத்திலேயே அதனைக் கற்று, விவசாயிகளுக்கு எடுத்துரைக்கலாம். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம்மவர் வழங்கிவருவதையே அப்பாடம் அளவிட்டுக் கூறுகிறது.

முறையாவது: 30 செ.மீ. நீளமும் 10 முதல் 15 செ.மீ. விட்டமுமுள்ள குழாயொன்றின் அடிப்பாதியில் துளைகளிட்டு, அப்பாதி மண்ணிற் புதையும்படி நாட்டி, உள்ளிருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். நடவாகி இரண்டு வாரம் சென்றபின், குழாயினுள் ஜலமட்டம் தரைக்குக் கீழ் 15 செ.மீ. இறங்கியதும், வயலில் 5 செ.மீ. நிற்கும்படி பாய்ச்சுதல் வேண்டும். பூக்கும் சமயத்திலும், அதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் வயலைக் காயவிடலாகாது. விட்டால் மணி பதராகும். இவ்வாறு நடத்தினால் மகசூல் குறையாமல் 30 சதவீதம் வரையில் ஜலம் மீதமாகும்.

ஆயினும், குழாய் வயலில் நாட்டப்படாவிடில் பாடத்தாற் பயனில்லை. தலைமடையில் மீந்த ஜலம் கடைமடையைச் சேர்ந்தாலன்றோ கிராமத்திற்கு லாபம்? ஆதலின், ஒரு வாய்க்காலின் பாசனதாரர்களை ஒருங்கே கூட்டி, பாடத்தை விளக்கி, தலைமடையில் ஒன்றும் கடைமடையில் ஒன்றுமாகக் குழாய்களை நாட்டிப் பார்க்கச் செய்தல் கிராம அதிகாரிகளின் கடமையாகும்.