ஒளியோடு ஒளி சேர்ந்தால்

ஒரு விளக்கு எரியும் அறையிலே இன்னொரு விளக்கையும் ஏற்றினால் வெளிச்சம் கூடும். இது சிறு குழந்தையும் அறிந்தது. ஆயின், ஒளியோடு ஒளி சேருமிடத்து இருளும் தோன்றலாம் என்றால் யார் நம்புவர்? இருநூறு ஆண்டுகளுக்கு முன் இலண்டன் மாநகரிலே இக்கருத்தை நிலைநாட்ட முயன்றவர் தோமஸ் யங் என்னும் இளம் வைத்தியர்.

அவர் கொள்கையை விளங்கிக்கொள்ளக் குளக்கரையே போதும். அசைவற்ற நீரில் இரு கற்களைச் சிறிது இடைவெளி விட்டு எறிந்தால், இரு வளைய அலைகள் விரிந்து ஒன்றையொன்று கடந்து செல்லும். அவை சந்திக்குமிடத்தில் இரண்டின் அசைவும் கூட்டப்படும். இதுவே மேற்பொருந்துகை. சம அளவான அலைகளின் முடியோடு முடி சேர்ந்தால் நீர் இருமடங்கு உயரும். முடியோடு தாழி சேர்ந்தால் நீர் அசையாது நிற்கும். இவ்விளைவைத் தலையீடு என்பர்.

ஒளியும் அலையாயின் அதற்கும் இவ்விதி பொருந்த வேண்டுமன்றோ? இரு விளக்குகளின் அலைகள் ஒழுங்கின்றி மாறிக்கொண்டிருப்பதால் அவற்றிலே தலையீடு புலப்படாது. ஆகவே யங் ஒரே ஊற்றின் ஒளியை இருகூறாக்கினார். 1803ஆம் ஆண்டில், ஊசித் துவாரமொன்றின் வழியே சூரிய ஒளியை இருட்டறையுட் புகுத்தி, அதன் நடுவே அங்குலத்தில் முப்பதிலொரு பங்கு அகலமுள்ள அட்டைத் துண்டைப் பிடித்தார். அட்டையின் நிழலுக்குள்ளே ஒளியும் இருளுமாக வரிகள் தெரிந்தன. ஒரு பக்க ஒளியைத் தடுத்ததும் அவ்வரிகள் மறைந்தன. இரு பக்கத்து ஒளியும் கூடியே கருவரிகளை உண்டாக்கின என்பது தெளிவாயிற்று.

ஆயினும் உலகம் உடனே ஏற்கவில்லை. ஒளி துணிக்கைகளின் ஓட்டமென்பது நியூற்றனின் கருத்து. அப்பெருமகனின் பெயரைக் காவலாகக் கொண்டு, ஹென்றி புறூம் என்பவர் எடின்பரோ றிவியூ என்னும் சஞ்சிகையிலே யங்கை ஏளனஞ் செய்தார். 1804இல் யங் அச்சிட்ட மறுமொழியில் ஒரே பிரதிதான் விலைபோயிற்று என்பர்.

அம்மறுமொழியிலே யங் சுட்டிக்காட்டிய முன்னுதாரணங்களுள் ஒன்று நியூற்றனுடையதே! தொங்கின் நாட்டு, அதாவது இன்றைய வட வியட்நாமின், பாற்ஷாத் துறைமுகத்தில் சில நாட்களில் வற்றுப்பெருக்கே தோன்றுவதில்லை. இரு வழிகளால் வரும் பெருக்குகள் ஒன்றையொன்று தணிப்பதே காரணமென்று 1687இல் வெளிவந்த தம் நூலில் நியூற்றன் விளக்கியிருந்தார். அவ்வளைகுடாவின் அமைப்பையும் இன்றைய கடலியலார் கருத்திற் கொள்வர். எனினும் தலையீட்டின் வித்து அப்பக்கத்திலே இருந்தது. நியூற்றனுக்காக வாதாடியோர் அதனைக் கவனித்திலர்.

பிரான்சிலே பிறெனல் என்பார் அலைக்கொள்கையைக் கணிதத்தால் விரித்துரைத்தார். அது மெய்யாயின் வட்டத் தட்டொன்றின் நிழலின் மையத்தில் ஒளிப்புள்ளி தோன்றவேண்டுமே என்று புவசோன் மறுத்தார். அறகோ சோதித்துப் பார்த்தார். புள்ளி அங்கே இருந்தது. 1819இல் பிறெனலுக்குப் பரிசும் கிடைத்தது.

ஒளிக்குத் துணிக்கை இயல்பும் உண்டென்பது இருபதாம் நூற்றாண்டிலே தெளிவாயிற்று. எனினும் யங் கண்ட வரிகள் அழியவில்லை. ஒளித்துணிக்கைகளை ஒவ்வொன்றாக அனுப்பினாலும், அவை விழுந்த இடங்கள் சிறுகச் சிறுகச் சேர்ந்து அதே வரிகளாகின்றன.