குத்து விழுந்தது, விஷமும் கலந்தது, பிணத்தைக் காணோம்!

தென்காசி:

"குத்து விழுந்தது, விஷமும் கலந்தது, ஆனாலும் ஜனங்கள் குளிக்கப் போகும் ஊர் (5)."

இது போலீஸ் நிலையத்துக்கு வந்த மொட்டைக் கடிதம் அல்ல. ஐந்து கட்டத்துக்குள் அடங்கும் குறுக்கெழுத்துப் புதிரின் துப்பு.

இதை தென்காசி டீக்கடை பெஞ்சில் வாசித்தால், "எங்க அண்ணாச்சி குத்து? ஆளு பிழைச்சானா?" என்றுதான் கேட்கத் தோன்றும். அப்படிக் கேட்க வைப்பதுதான் புதிர் போடும் ஆசாமியின் தந்திரம்!

குத்து என்றதும் நமக்குக் கத்தி ஞாபகம் வருகிறது. உரலில் நெல் குத்துவதும் குத்துதானே? அதை எழுத்து வழக்கில் 'குற்று' என்பார்கள். விஷத்துக்கு இன்னொரு பெயர் 'ஆலம்'. இரண்டையும் சேர்த்தால் குற்றாலம்! கத்தியும் இல்லை, கொலையும் இல்லை. ஊருக்குப் பெயர் வந்த கதையும் இதுவல்ல. புதிருக்காகப் பிரித்த பிரிப்பு, அவ்வளவுதான்.

இரண்டு சாட்சி

இந்த மாதிரி துப்பில் எப்போதும் இரண்டு சாட்சிகள் உண்டு. ஒரு சாட்சி விடையின் பொருளை நேராகச் சொல்லிவிடும். மேலே உள்ளதில் அது "குளிக்கப் போகும் ஊர்". இன்னொரு சாட்சி அந்த வார்த்தையை எப்படிக் கட்டுவது என்று சொல்லும். பொருள் சொல்லும் சாட்சி வரியின் தலையிலோ வாலிலோதான் நிற்கும். நடுவில் நிற்காது.

இரண்டு சாட்சியும் ஒரே ஆளைக் கை காட்டினால் கைது செய்யலாம். ஒன்று மட்டும் காட்டினால் விட்டுவிட வேண்டியதுதான்!

அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண், எத்தனை எழுத்து என்பது. கு, ற், றா, ல, ம். மொத்தம் ஐந்து. தமிழில் உயிர்மெய்க்கு ஒரு கட்டம், புள்ளி வைத்த எழுத்துக்கும் ஒரு கட்டம்.

இதோ இன்னும் மூன்று 'கேஸ்'கள்:

"உழுத கோட்டுக்குள் ரயில் தலை நீட்டியதும் குற்றாலத்தில் தூறல் (3)."

ரயில் எப்படி வயலுக்குள் போகும் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஏர் உழுத கோடு 'சால்'. 'ரயில்' என்ற வார்த்தையின் தலை எழுத்து 'ர'. சாலுக்குள் 'ர' புகுந்தால் சாரல். தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டிக் கொண்டுவந்து தெளிக்கிறதே, அதுதான்.

"டெல்லியில் கொடி ஏறுமிடம், தென்காசிக்கு மேற்கே ரயில் மலை ஏறுமிடம் (5)."

இதில் கட்டுமானம் எதுவும் இல்லை. ஒரே பெயரில் இரண்டு ஆசாமிகள்! ஆகஸ்டு 15-ல் பிரதமர் கொடி ஏற்றுவதும் செங்கோட்டை. கொல்லம் போகும் ரயில் மலை ஏறக் கிளம்புவதும் செங்கோட்டை.

"தாறுமாறாகிப் போன நகரம், பாவிகள் போய்ச் சேருமிடம் (4)."

'தாறுமாறு' என்பது எழுத்துகளைக் கலைக்கச் சொல்லும் உத்தரவு. 'நகரம்' கலைந்தால் 'நரகம்'. சாக்கடை அடைத்துக்கொண்ட தெருவில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை!

சிங்கி போட்ட முடிச்சு

கட்டம் போட்ட புதிர் வெளிநாட்டுச் சரக்கு. ஆர்தர் வின் என்பவர் 21-12-1913 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' பத்திரிகையில் முதலில் வெளியிட்டார். இப்படி மறைத்துப் பேசும் துப்புகள் பிறகு இங்கிலாந்தில் வளர்ந்தன.

ஆனால் ஒன்றைச் சொல்லி வேறொன்றைக் காட்டும் வித்தை இந்த வட்டாரத்துக்குப் புதுசா? தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில் இருக்கிறது மேலகரம். அந்த ஊர்க்காரர் திரிகூடராசப்பக் கவிராயர், 18-ம் நூற்றாண்டில் திருக்குற்றாலக் குறவஞ்சி பாடியவர். அதில் குறி சொல்லிப் பரிசு வாங்கி வந்த சிங்கியின் காலைப் பார்த்து, 'விரியன் பாம்பு கிடக்கிறதே' என்று பதறுகிறான் சிங்கன். 'அது சிலம்பு' என்கிறாள் அவள். பார்த்தால் பாம்பு, அவிழ்த்தால் சிலம்பு. துப்பும் விடையும் இதுதானே!

கோர்ட் ஏறிய கட்டங்கள்

இந்த விளையாட்டுக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. முன்பு பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டிகள் நாடு முழுவதும் அமர்க்களப்பட்டன. கட்டணம் கட்டி விடை அனுப்ப வேண்டும். ஒரே துப்புக்கு இரண்டு மூன்று வார்த்தைகள் பொருந்தும். அதில் போட்டி நடத்துகிறவர் நினைத்த வார்த்தைதான் 'சரி'. அது ஏன் சரி என்று கேட்டால் பதில் கிடைக்காது!

கடைசியில் 1955-ல் பரிசுப் போட்டிகள் சட்டம் வந்தது. மாதம் 1,000 ரூபாய்க்கு மேல் பரிசு தரும் போட்டிகளுக்குத் தடை. அதற்குக் குறைந்தால் லைசென்ஸ் வேண்டும். போட்டி நடத்திய ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1957-ல் தீர்ப்பு வந்தது. வெற்றி பெரும்பாலும் அதிர்ஷ்டத்தை நம்பியிருந்தால் அது சூதாட்டம். சட்டம் அதன் மீது பாயும். பெரும்பாலும் திறமையை நம்பியிருந்தால் இந்தச் சட்டம் அதைத் தொடாது என்று நீதிபதிகள் சொன்னார்கள்.

சூதா, மூளையா என்று பார்க்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போக வேண்டியதில்லை. நல்ல துப்பில் ஒரு வார்த்தைகூட வீணாக இருக்காது. விடை தெரிந்த பிறகு ஒவ்வொரு வார்த்தையும் தானாக வாக்குமூலம் கொடுக்கும். "அட, இவ்வளவுதானா!" என்று தலையில் தட்டிக்கொள்ளத் தோன்றும்.

ஆகவே, பணம் கட்டு, விடை சொல்லு, பரிசு அள்ளு என்று யார் வந்தாலும், "இந்த விடை ஏன் சரி?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் பாக்கெட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்!

பஸ் வரும்வரை உங்களுக்கும் ஒன்று, காசில்லாமல்:

"பாதித் தென்றலோடு கங்கைக்கரைப் புண்ணியத் தலம் சேர்ந்தால் பெரிய கோபுரம் நிற்கும் ஊர் (4)."

விடை தெரியாதவர்கள் இந்தச் செய்தியின் முதல் வார்த்தையைப் பார்க்கவும்.