குதிரைமுகமும் கொழுக்கட்டை மாவும்

யாழ்ப்பாணத்தின் வடகரையிலுள்ள மயிலிட்டியிலிருந்து மேற்கே சில கிலோமீற்றர் போனால் மாவிட்டபுரம். இன்னும் கொஞ்சம் போனால் கடலோரத்தில் நன்னீர் ஊறும் கீரிமலை. குதிரை முகம் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி அந்தத் தீர்த்தத்தில் நீராடி மனித முகம் பெற்றாள் என்பது இந்தக் கரையின் பழங்கதை. குதிரைக்கு 'மா' என்றும் பெயர். மா முகம் விட்ட இடம் மாவிட்டபுரம். அதே நீரில் குணமடைந்த நகுல முனிவருக்கோ கீரி முகம். கணினியில் விசித்திர உயிர்களைச் செதுக்கி அவற்றை ஒளிரவைக்கும் கலையை விளக்க வேறெங்கும் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. இளவரசி நீரிலிருந்து எழுகிறாள், முகம் மாறுகிறது, தண்ணீர் ஒளிர்கிறது. இந்த ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். வேலை நடக்கும் இடம் கணினி என்றாலும், அதைப் புரிந்துகொள்ள நல்ல இடம் குசினி.

முதலில் மா குழைக்க வேண்டும். வறுத்த அரிசிமாவில் கொதிநீர் விட்டு, அகப்பைக்காம்பால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் உருட்டி எடுப்போமே, அந்த உருண்டைதான் தொடக்கம். 1999இல் முதன்முதலாகக் காட்டப்பட்ட இசட்பிரஷ் மென்பொருளானாலும், 2002இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட பிளெண்டர் ஆனாலும் செதுக்கத் தொடங்குவது பெரும்பாலும் ஒரு கோளத்திலிருந்துதான். அதை இழுத்தால் குதிரையின் நீண்ட மூஞ்சி. அமுக்கினால் கண்குழி. 'செதுக்குதல்' என்ற சொல் இங்கே முழுதாகப் பொருந்தாது. கோயில் வாகனம் செய்பவர் உளியால் மரத்தைக் கழித்துக்கொண்டே போகிறார். கழித்தது திரும்பி வராது. கணினியில் ஒட்டலாம், வெட்டலாம், மறுபடி உருட்டலாம். அது மரமல்ல, மா.

அந்த மாவின் மேற்பரப்பு, சின்னஞ்சிறு நாற்கோண முகப்புகளால் ஆன வலை. ஓரிடத்தை நீட்டி இழுத்தால் அங்கே வலைக்கண் அகன்று மேற்பரப்பு முரடாகிவிடும். கொழுக்கட்டைத் தோல் ஒரு பக்கம் மெலிந்து கிழியப்போவதைக் கை உணர்ந்ததும் திரும்ப உருட்டுகிறோம் அல்லவா? அதையே கணினியில் 'ரீமெஷ்' என்கிறார்கள். உருவம் அப்படியே இருக்க, வலைக்கண்கள் மட்டும் மறுபடி ஒரே அளவாகின்றன.

அடுத்தது அரிதட்டு. பிட்டுக்குக் குறுணி மா போதும். இடியப்பத்துக்கு நைசான மா வேண்டும். மாவின் பருக்கையைவிட நுட்பமான கோட்டை அதன்மேல் யாராலும் கீற முடியாது. கணினியில் ஒவ்வொரு முறை நுணுக்கும்போதும் ஒரு முகப்பு நான்காகிறது. 6 முகப்புள்ள பெட்டி 24 ஆகி, 96 ஆகி, ஆறாம் முறையில் 24,576இல் வந்து நிற்கும். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். தாடையெலும்பு எங்கே திரும்புகிறது என்று முடிவுசெய்யுமுன்பே நுணுக்கிவிட்டு, தோற்சுருக்கம் கீறத் தொடங்கிவிடுகிறார்கள். முரட்டு மாவில் முகம் தெரியாவிட்டால் நைசு மாவிலும் தெரியாது.

கணினியில் செதுக்கும் கருவிகளைத் தூரிகைகள் என்பார்கள். அவற்றுக்குப் புதுப்பெயர் வேண்டாம், கைக்கே அவை தெரியும். கொழுக்கட்டை விளிம்பைப் பல்லுப்பல்லாய்க் கிள்ளுவது ஒரு தூரிகை. இமையோரமும் உதட்டு விளிம்பும் அதனால் வரும். ஈரக்கையால் தடவி வெடிப்பை மறைப்பது இன்னொன்று. அச்சில் அமுக்குவது மூன்றாவது. செதிலும் மயிர்க்குழியும் அப்படி வருபவை.

ஆனால் எதை எங்கே கிள்ளுவது என்பதைத் தூரிகை சொல்லித்தராது. அதற்கு உயிருள்ள உடல்களைப் பார்த்திருக்க வேண்டும். மயிலிட்டித் துறைமுகத்தில் மீன் வெட்டுமிடத்தில் அரை மணி நேரம் நின்றால், செவுள்மூடி எந்த எலும்பில் கதவுபோல அசைகிறது, தாடை எப்படிப் பிதுங்குகிறது என்பதெல்லாம் கண்ணில் பதியும். 1990 ஜூனில் போரினால் ஊர் இடம்பெயர்ந்தபின் 2017 ஜூலையில்தான் துறைமுகமும் அதையொட்டிய நிலமும் மக்களிடம் திரும்பின. இடைப்பட்ட 27 ஆண்டுகளில் பிறந்த மயிலிட்டிப் பிள்ளைகளுக்கு அந்தக் காட்சி கிடைக்கவில்லை. இன்று கிடைக்கிறது. விசித்திர உயிர் செய்ய விரும்பும் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் நான் அறியேன்.

செதுக்கி முடித்த உருவம் பாரமானது. பல இலட்சம் முகப்புகள். அசைய வேண்டிய இளவரசியை அந்தப் பாரத்தோடு அசைக்க முடியாது. இங்கே கருவாடு போடுகிறார்கள். மீனின் நீரும் நிறையும் போய்விடும், ருசி இருக்கும். அதுபோலக் குறைந்த முகப்புகளில் மெல்லிய உருவம் ஒன்றைச் செய்து, பாரமான உருவத்தின் ஒவ்வொரு புள்ளியும் எந்தத் திசை பார்த்திருந்தது என்பதை ஒரு படத்தில் பதித்து, அந்தப் படத்தை மெல்லிய உருவத்துக்குப் போர்த்துகிறார்கள். வெளிச்சம் அந்தத் திசைகளை நம்பி விழும். இல்லாத சுருக்கமும் இருப்பதுபோலத் தெரியும்.

முகம் மாறுவது சொதிக்குப் பால் கலப்பது மாதிரி. கப்பிப்பாலும் முதற்பாலும் எந்த விகிதத்திலும் கலக்கும். குதிரைமுகமும் மனிதமுகமும் அப்படியே. குதிரைமுகத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் மனிதமுகத்தில் ஒரு சோடிப்புள்ளி உண்டு. கணினி ஒன்றிலிருந்து மற்றதுக்குப் படிப்படியாக நகர்த்துகிறது. இரண்டு முகமும் ஒரே வலையிலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்பது இதில் மீற முடியாத விதி. தனித்தனியாகச் செய்துவிட்டுப் பிறகு கலக்கப் போனால் திரிந்துவிடும்.

இனித் தோல். நுங்கை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். வெளிச்சம் மேலே பட்டுத் தெறிக்காமல் உள்ளே போய், அலைந்து, வேறோர் இடத்தால் வெளியே வரும். காதுமடலும் விரல்நுனியும் அப்படித்தான். பழைய கணினி உருவங்கள் பிளாஸ்ரிக் பொம்மைபோல இருந்ததற்கு இந்த அலைச்சலைக் கணக்கெடுக்காதது ஒரு முக்கிய காரணம். 2001இல் ஹென்றிக் யென்சனும் தோழர்களும் இதற்கு விரைவான கணக்கு வழியொன்றைத் தந்தார்கள்; 2002இல் வந்த 'த டூ டவர்ஸ்' படத்தின் கொல்லம் என்ற உயிருக்குச் சதைத்தோல் வந்தது இந்த வகைக் கணக்கால்தான்.

கடைசியில் ஒளி. எல்லோரும் ஆசையோடு ஓடிவரும் இடம் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். திரையில் 'ஒளிர்கிறது' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது மூன்று வேறு காரியங்கள். முதலாவது தணல். அது தானே ஒளிவிடும், பானையின் அடியையும் சிவக்கவைக்கும். தீர்த்தநீர் ஒளிரவேண்டுமானால் நீருக்கு இந்தக் குணத்தைக் கொடுக்க வேண்டும். அப்போது இளவரசியின் தாடைக்குக் கீழே வெளிச்சம் தானாக விழும். இரண்டாவது ஆவி. நீத்துப்பெட்டியிலிருந்து எழும் ஆவிக்கு நடுவில் விளக்கு இருந்தால், காற்றே ஒளிர்வதுபோல் இருக்கும். மூன்றாவது கண்கூச்சம். விளக்கைச் சுற்றித் தெரியும் வட்டம் விளக்கில் இல்லை. கண்ணிலும் கமராக் கண்ணாடியிலும் ஒளி சிதறுவதால் வருவது. கணினி படத்தில் மிகப் பிரகாசமான புள்ளிகளை மட்டும் தேடி, அவற்றை மங்கலாகப் பரப்பி, படத்தின்மேல் கூட்டிவிடும். இது உருவத்தைத் தொடுவதே இல்லை. படத்தில் பூசும் மினுக்கு. மூன்றாவதை மட்டும் போட்டுவிட்டுத் தாடையில் வெளிச்சம் விழவில்லையே என்று வருந்துகிறவர்கள் பலர். தணலில்லாமல் பானை சிவக்காது.

படம் கணித்து முடிக்க நேரமாவதற்கும் காரணம் உண்டு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானை முழுதும் ஒரேமாதிரி வெந்திருப்பதால் அது சரி. வெளிச்சம் அப்படி ஒரேமாதிரி வேகாது. ஒவ்வொரு புள்ளிக்கும் நூற்றுக்கணக்கான கதிர்களை அனுப்பிப் பதம் பார்க்க வேண்டியிருக்கிறது. போதாவிட்டால் படம் மணல் தூவியதுபோல் இருக்கும். அந்த மணலைப் பாதியாக்க நாலு மடங்கு கதிர் வேண்டும். இத்தனை கதிர் எண்ணாமல் விரைவாகக் கணிக்கும் வழியும் பிளெண்டரில் உண்டு, பெயர் ஈவி. அந்த வழியில் கணித்து, முழுக்க பிளெண்டரிலேயே செய்த லத்வியப் படம் 'ஃப்ளோ' 2025இல் சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஒஸ்காரை வென்றது.

அதே பிளெண்டர் மயிலிட்டிப் பிள்ளைக்கும் இலவசம். கணினி ஒன்று கிடைத்தால், இன்றிரவே ஒரு கோளத்திலிருந்து இளவரசியை உருட்டத் தொடங்குங்கள். வெறும் கறுப்பு நிழலாகப் பார்த்தே வீட்டுச் சின்னப்பிள்ளை 'குதிரை' என்று சொல்லும்வரை ஒளியைப் போடாதீர்கள்.