தோலும் சர்க்கரையும்

பாலாற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. அங்கே உப்பிட்டு வந்த தோல் முதலில் நீரில் ஊறும். பின்னர்ச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த தொட்டியில் கிடக்கும். மயிர் கழன்று, தோல் பருத்து நெகிழ்ந்த பின்னரே ஆவாரம்பட்டைச் சாறோ குரோமிய உப்போ அதனுள் புகும். சுண்ணாம்பு மயிரை நீக்குவதற்கு மட்டுமே என்று எண்ணுவது பிழை. அதன் மற்றொரு பணி கண்ணுக்குப் புலனாவதில்லை.

தோலின் பெரும்பகுதி கொல்லாஜன் என்னும் புரதமாகும். மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது அதன் வடிவம். 1954, 1955 ஆம் ஆண்டுகளில் இதனை உலகிற்கு உணர்த்தியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் ஆவர். அவர்கள் ஆராய்ந்த கங்காரு வால்நாரை அளித்தது, 1948 இல் தோன்றிய அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம்.

இக்கயிற்றில் ஆங்காங்கே காலக்டோஸ், குளுக்கோஸ் என்னும் சர்க்கரைகள் ஒட்டியிருக்கின்றன. அன்றியும், டெக்கோரின் என்னும் வேறொரு புரதம் நீண்ட சர்க்கரைச் சங்கிலியொன்றை ஏந்தி, கொல்லாஜன் நார்களைத் தழுவி நிற்கிறது. அதனைக் களைந்து நார்களை விலக்குவதும் சுண்ணாம்பின் வேலையே.

எந்த இடத்தில் எத்தனை சர்க்கரை உள்ளது என்பதை அறிவது எவ்வாறு? வண்டியைச் சுமையோடும் சுமையின்றியும் நிறுத்தால் சுமையின் எடை விளங்கும் அன்றோ? நிறை நிறமாலைமானி என்னும் கருவி மூலக்கூறுகளை அவ்வாறே நிறுக்கிறது. புரதத்தைத் துண்டுகளாக்கி, மின்னேற்றம் தந்து, வெற்றிடத்தில் பறக்கவிடுவர். மின்னேற்றம் ஒத்திருந்தால் இலேசான துண்டு முந்தும். கனத்த துண்டு பிந்தும். பெரிய புரதங்களையும் சிதையாமல் பறக்கவிட வழி கண்ட ஜான் ஃபென், கோயிச்சி தனாக்கா ஆகியோர் 2002 இல் நோபல் பரிசு பெற்றனர்.

குளுக்கோசின் எடை 180. புரதத்தோடு சேருங்கால் 18 எடையுள்ள நீர் நீங்குவதால், துண்டின் எடை 162 மட்டுமே கூடும். 324 கூடினால் அங்கிருப்பவை இரு சர்க்கரைகள். ஆனால் காலக்டோசுக்கும் அதே எடை! எது எதுவெனத் தராசு மட்டும் சொல்லாது. வேறு சோதனைகளும் வேண்டும். முனைவர் பட்டம் பெற்ற இளம் ஆராய்ச்சியாளரும் இத்தகைய கணக்கில் ஆண்டுகள் பல செலவிடுவதற்கு இதுவே காரணம்.

இஃது ஏட்டளவில் நிற்கும் கணக்கன்று. சுண்ணாம்பும் சல்பைடும் உப்பும் கலந்த கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. மாசு நீக்கும் வசதியில்லாத ஆலைகள் இயங்கலாகாதென 1996 இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுண்ணாம்பின் பணியை நொதிகளைக் கொண்டு செய்விக்க அடையாற்று நிலையத்தார் முயன்று வந்துள்ளனர். அதில் இடர் ஒன்றுண்டு. நொதி கொல்லாஜனையும் தின்றுவிட்டால் தோலே பாழாகும். டெக்கோரினை மட்டும் கத்தரித்துக் கயிற்றைத் தொடாத நொதியே வேண்டும். தொட்டியிலிருந்து எடுத்த தோலில் சர்க்கரைச் சங்கிலி எவ்வளவு நீங்கிற்று, கொல்லாஜன் எவ்வளவு எஞ்சிற்று என்பதை அக்கருவி நிறுத்துக் காட்டும்.