குடோனுக்குள் முளைத்த குணா குகை! கல்லையும் வார்க்கலாம், ரோபோவையும் வார்க்கலாம்

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் குணா குகையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. ஆனால் பார்ப்பது என்னவோ கம்பி வேலியைத்தான்! பாறைப் பிளவுக்குள் இறங்கத் தடை.

அப்படியிருக்க, 2024 பிப்ரவரியில் வந்த "மஞ்ஞும்மல் பாய்ஸ்" மலையாளப் படத்தில் நடிகர்கள் குகைக்குள் கயிறு கட்டி இறங்கினார்களே, அது எப்படி?

விஷயம் இதுதான்: அது குகை அல்ல, செட்! கேரளாவில் பெரும்பாவூரில் ஒரு குடோனுக்குள் கலை இயக்குனர் அஜயன் சாலிசேரி போட்ட "டூப்ளிகேட்" குகை. தியேட்டரில் பார்த்தவர்கள், "அட, நிஜக் குகைதானப்பா!" என்று அடித்துச் சொன்னார்கள். 2024-ம் ஆண்டின் சிறந்த படத்துக்கான கேரள அரசு விருதும் அந்தப் படத்துக்கே கிடைத்தது.

உயிரோடு விளையாட்டு

1821-ல் கொடைக்கானல் மலையை அளக்க வந்த ஆங்கிலேய அதிகாரி வார்டு கண்ட இடம் இது என்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் "பிசாசின் சமையலறை". 1991 தீபாவளிக்கு வந்த கமலஹாசனின் "குணா" படத்துக்குப் பிறகு பெயரே மாறிவிட்டது; கூட்டமும் பெருகிவிட்டது.

2006-ல் கொச்சிப் பக்கத்து மஞ்ஞும்மலிலிருந்து வந்த நண்பர் பட்டாளத்தில் ஒரு வாலிபர் பாறை இடுக்கில் தவறி விழுந்தார். இன்னொரு நண்பர் கயிற்றில் இறங்கி அவரை உயிரோடு மேலே கொண்டு வந்தார். படத்தின் கதை அதுதான். உயிர் போகும் இடத்தில் படம் பிடிக்க முடியுமா? அதனால்தான் நகல்.

நகலுக்குத் தேவை அச்சு

சினிமாவில் பாறை செய்வது வழக்கமாக இப்படி: நிஜப் பாறை மேல் ரப்பர் பாலைப் பல தடவை பூசுவார்கள். காய்ந்ததும் தோல் உரிப்பதுபோல் உரித்தால் பாறையின் ஒவ்வொரு வெடிப்பும் அதில் பதிந்திருக்கும். அதுதான் அச்சு. அதற்குள் பிளாஸ்டரோ பைபரோ கொடுத்து எடுத்தால் கனமில்லாத கல் ரெடி! மரச் சட்டத்தில் வரிசையாக மாட்டி வர்ணம் அடித்தால் குகை.

பழனி மலைக்குப் போகிற நமக்கு இது புதுசா என்ன? மூலவரைப் போகர் நவபாஷாணத்தில் செய்தார் என்பது ஐதீகம். சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் சிலை செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகம் வார்க்கிறார்கள். ஆனால் அதில் ஒரு அச்சுக்கு ஒரே சிலைதான். மண்ணை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். ரப்பர் அச்சில் ஒன்றுக்குப் பத்து எடுக்கலாம்.

குப்பையில் பிறந்த வாள்

இதே வித்தைதான் விஞ்ஞானக் கதைப் படங்களிலும். 1977-ல் வந்த "ஸ்டார் வார்ஸ்" படத்தின் ஒளி வாளை எதில் செய்தார்கள் தெரியுமா? பழைய போட்டோ காமிராவின் பிளாஷ் கைப்பிடியில்! லண்டனில் ஒரு கடையில் கிடைத்த சாமான் அது. இன்று உலகம் முழுக்க ரசிகர்கள் அதற்கு நகல் செய்து அலமாரியில் வைக்கிறார்கள்.

நம் ஊர் வாலிபர்களுக்கும் அந்த ஆசை இருக்கிறது. "எந்திரன்" தலையை நானே செய்தால் என்ன? செய்யலாம். ஆனால் முதல் வேலையே தலையாக இருக்க வேண்டாம். உள்ளங்கையில் அடங்கும் ஒரு சாமானில் ஆரம்பியுங்கள்.

பைப் துண்டு, பழைய டார்ச், பாட்டில் மூடி இவற்றை ஒட்டி மூலப் பொருளைச் செய்யுங்கள். உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேயுங்கள். இங்கே அவசரப்பட்டால் போச்சு! மூலத்தில் ஒரு கீறல் இருந்தால் பத்து நகலிலும் அதே கீறல்தான்.

பிறகு அதை ஒரு பெட்டிக்குள் வைத்து சிலிக்கான் ரப்பர் ஊற்ற வேண்டும். சாமானின் தலையில் கொட்டாதீர்கள். பெட்டியின் ஒரு மூலையில், உயரத்திலிருந்து, நூல் போல ஊற்றினால் காற்றுக் குமிழி அடங்கும். இரண்டு பாதியாக அச்சு எடுப்பவர்கள் முதல் பாதி உறைந்ததும் அதன் மேல் வாசலின் தடவ மறக்கக் கூடாது. மறந்தால் இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும், கத்திதான் கதி.

இங்கேதான் ஆபத்து

"பைபர்தானே, என்ன பெரிய விஷயம்" என்று நினைக்கிறவர்கள் கவனிக்கவும். பைபர் பிசினோடு கடையில் இரண்டு திரவம் தருவார்கள்: ஒன்று கோபால்ட், இன்னொன்று கேட்டலிஸ்ட். இரண்டையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது. கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். முதலில் கோபால்ட்டைப் பிசினில் நன்றாகக் கலக்கி முடித்த பிறகே கேட்டலிஸ்ட்.

அந்தப் பிசினின் நெடி மூச்சுக்கு ஆகாது. கதவைச் சாத்திக்கொண்டு சமையலறையில் செய்யாதீர்கள். மொட்டை மாடிதான் சரி. கையுறை, கண்ணாடி, ரசாயன நெடியைத் தடுக்கும் முகமூடி அவசியம். மூக்கில் கைக்குட்டை கட்டுவது எதற்கும் உதவாது.

பிளாஸ்டரும் சாது அல்ல. உறையும்போது சுடும். இங்கிலாந்தில் 2007-ல் ஒரு பள்ளி மாணவி கையையே அச்செடுக்க பிளாஸ்டர் வாளிக்குள் விட்டார். உறைந்தது, சுட்டது, எடுக்க முடியவில்லை. விரல்களில் பெரும்பாலானவை போய்விட்டன. பொம்மைக்கு வார்க்கலாம், உடம்புக்கு மேல் வேண்டாம்.

வழி காட்ட ஆள் வேண்டுமா? வெகுதூரம் போக வேண்டாம். மதுரை பக்கத்தில் விளாச்சேரி இருக்கிறது. கொலு பொம்மைகளை அச்சில் எடுத்தே பிழைக்கும் ஊர். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலே பாதித் தொழில் பிடிபடும்.

முதல் நகல் கோணலாகத்தான் வரும். வரட்டுமே! கெட்டுப்போனால் இன்னொன்று வார்க்கலாம். வேலி தாண்டிக் குகைக்குள் இறங்குகிற ஆசாமிக்குத்தான் அந்தச் சலுகை கிடையாது.