மோட்டார் சைக்கிளில் கார் ஆயிலா? கிளட்ச் வழுக்கும், செலவு இழுக்கும்!

சென்னை:

"எந்த ஆயிலா இருந்தா என்ன? எல்லாம் என்ஜினுக்குள்ளே போறது தானே!"

மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் பலருடைய நினைப்பு இது. காருக்கு வாங்கி மிச்சமான ஆயிலை வண்டியில் ஊற்றி விடுகிறார்கள். கொஞ்ச நாளில் வண்டி மக்கர் பண்ணுகிறது.

ஜெமினி மேம்பாலத்தில் ஏறும்போது ஆக்சிலேட்டரை முறுக்குகிறார்கள். என்ஜின் கத்துகிறது. வண்டியோ நகர மாட்டேன் என்கிறது! பின்னால் வரும் பஸ், ஆரன் அடிக்கிறது.

காரணம் என்ன?

கியர் போட்டு ஓட்டும் கார்களில் பெரும்பாலும் கிளட்ச் தனியாக, என்ஜின் ஆயில் படாமல் இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் அப்படி அல்ல. பெரும்பாலான வண்டிகளில் என்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். கிளட்ச் தட்டுகள் ஆயிலில் நனைந்தபடியே வேலை செய்கின்றன.

பெட்ரோல் மிச்சமாக வேண்டும் என்பதற்காக, பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சரக்கு சேர்க்கிறார்கள். காருக்கு அது நல்லது. மோட்டார் சைக்கிளில் ஊற்றினால், கவ்விப் பிடிக்க வேண்டிய தட்டுகள் வழுக்குகின்றன. சூடேறி, கருகி, தேய்ந்து போகின்றன.

வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு போகிறவருக்கு வண்டிதான் பிழைப்பு. தட்டு மாற்றும் செலவோடு அன்றைய கூலியும் போச்சு!

டப்பாவில் 2 எழுத்து

இதற்காகவே ஜப்பானில் 1998-ம் ஆண்டு "ஜாசோ" என்ற தர முறையைக் கொண்டு வந்தார்கள். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் தெரியும்.

"எம்.ஏ." அல்லது "எம்.ஏ.2" என்று இருந்தால், கியர் வண்டிக்கு ஏற்றது. "எம்.பி." என்று இருந்தால், உராய்வு குறைந்த ஆயில். கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்கு உரியது. அவற்றில் கிளட்ச் ஆயிலில் நனைவது இல்லை. ஸ்கூட்டர் ஆயிலைக் கியர் வண்டியில் ஊற்றக் கூடாது.

நம்பர் மர்மம்

"10டபிள்யூ-30", "20டபிள்யூ-50" என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

முதல் எண், குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைக் காட்டுகிறது. எண் சின்னதாக இருந்தால், குளிரிலும் சீக்கிரம் ஓடும். பின் எண், என்ஜின் சூடான பிறகு ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைக் காட்டுகிறது.

"மெட்ராஸ் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சரி" என்று இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. தேவைக்கு மேல் கெட்டியானால் மைலேஜ் குறையும். தேவைக்குக் கீழே மெலிந்தால் என்ஜின் தேயும். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் எந்த நம்பர் போட்டிருக்கிறதோ, அதையே வாங்க வேண்டும்.

போலி உஷார்!

மூடி சீல் உடையாத டப்பாவாகப் பார்த்து வாங்குங்கள். பில் கேளுங்கள். உங்கள் கண் முன்னால் உடைத்து ஊற்றச் சொல்லுங்கள்.

காலி டப்பாவை அப்படியே விட்டு விட்டு வராதீர்கள். ஓட்டை போட்டு விடுங்கள். இல்லாவிட்டால், அதே டப்பாவில் கழிவு ஆயில் புகுந்து இன்னொருவர் தலையில் விடியும்!