நம்பர் 1 பஸ்சில் பாய்ந்த பேய் நாய்கள்!

சட்டைப்பைக்குள் திகில் பங்களா. சட்டம் என்ன சொல்கிறது?

திருச்சி,

சத்திரம் பஸ் நிலையத்தில் இருந்து ஸ்ரீரங்கம் போகும் நம்பர் 1 பஸ். காவிரி பாலத்தில் ஏறிய நேரம். ஜன்னலை உடைத்துக்கொண்டு பேய் நாய்கள் பாய்ந்தன! நான் சீட்டில் இருந்து துள்ளி விழுந்தேன்.

"என்ன தம்பி ஆச்சு?" என்று பதறினார், பக்கத்தில் பூக்கூடையுடன் இருந்த பெரியவர்.

"நாய் பாய்ஞ்சிடுச்சுங்க."

"பஸ்சுக்குள்ள ஏதுப்பா நாய்?"

நாய் பஸ்சில் இல்லை. என் கையில் இருந்தது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

டூப் எந்திரம்

சிங்காரத்தோப்பு பக்கம் ஒரு கடையில் வாங்கிய குட்டி கேம் எந்திரம் அது. சட்டைப்பையில் அடங்கி விடும். சோனி கம்பெனி 1994-ல் ஜப்பானில் வெளியிட்ட பிளேஸ்டேஷன் பெட்டி செய்த வேலையை, டி.வி. இல்லாமலே இது செய்கிறது. சினிமாவில் ஹீரோவுக்கு பதில் டூப் சண்டை போடுகிறார் அல்லவா? அதே மாதிரி, பிளேஸ்டேஷன் போல நடிக்கும் புரோகிராமுக்கு எமுலேட்டர் என்று பெயர்.

நாய்கள் வந்தது, காப்காம் கம்பெனி 1996-ல் வெளியிட்ட "ரெசிடெண்ட் ஈவில்" ஆட்டத்தில். காட்டு நடுவே ஒரு பங்களா. உள்ளே நடமாடும் பிணங்கள். துப்பாக்கி உண்டு, குண்டுகள் குறைவு!

பயம் எங்கே?

ஒவ்வொரு அறைக்கும் கதவு மெல்ல திறக்கும். அந்த நேரத்தில் அடுத்த அறையின் படத்தை டிஸ்க்கில் இருந்து எடுத்துக்கொள்ள செய்த ஏற்பாடு அது. நமக்கோ அதற்குள் நெஞ்சு படபடக்கும். 1999-ல் கோனாமி வெளியிட்ட "சைலண்ட் ஹில்" ஆட்டத்தில் ஊர் முழுக்க மூடுபனி. தூரத்து தெருக்களை வரைய பெட்டிக்கு சக்தி போதவில்லை. அந்த குறையை மறைத்த பனியே பயமாகி விட்டது.

ரெசிடெண்ட் ஈவிலில் ஆட்டத்தை பதிவு செய்ய டைப்ரைட்டருக்கு போக வேண்டும். மை ரிப்பன் வேண்டும். அதுவும் எண்ணிக்கையில்தான் கிடைக்கும். எமுலேட்டரிலோ நினைத்த இடத்தில் பதியலாம். செத்தால் பத்து வினாடிக்கு முன்னால் போய் பிழைக்கலாம். அப்புறம் பயம் எங்கே? அந்த வசதியை தொடாதீங்க!

நண்பன் போட்ட போடு

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் நண்பன் வீடு. எந்திரத்தை புரட்டிப் பார்த்தான். "ஊர் திருட்டை எல்லாம் பேப்பர்ல எழுதறியே, இந்த கார்டுல இருக்கிற கேம் எல்லாம் யாரோடது?" என்றான்.

எனக்கு சுருக்கென்றது. எந்திரத்துடன் வந்த கார்டில் ஏராளமான ஆட்டங்கள். எதற்கும் நான் காசு கொடுக்கவில்லை.

எமுலேட்டர் செய்தது குற்றம் என்று சோனி கம்பெனி கனெக்டிக்ஸ் கம்பெனி மீது அமெரிக்காவில் வழக்கு போட்டது. 2000-ம் ஆண்டு அப்பீல் கோர்ட்டு கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்பு சொன்னது. ஆக, டூப் மீது குற்றம் இல்லை. ஆட்டத்தின் திருட்டு நகல்தான் வில்லங்கம்.

7 நாள் ஜெயில்

நம் நாட்டு பதிப்புரிமை சட்டம் 63-பி பிரிவின்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டர் புரோகிராமை உபயோகித்தால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை ஜெயில். அபராதம் 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை. லாபத்துக்காக இல்லை என்றால் தக்க காரணம் காட்டி கோர்ட்டு ஜெயிலை விலக்கி, 50 ஆயிரம் வரை அபராதம் விதிக்கலாம்.

சரி, கடையில் வாங்கலாம் என்றால் கிடைக்கிறதா? அமெரிக்காவில் 2010-க்கு முன் வந்த ஆட்டங்களில் 100-க்கு 87 இன்று விற்பனையில் இல்லை என்று 2023-ல் ஒரு ஆய்வு சொன்னது. ரெசிடெண்ட் ஈவில் தப்பித்தது. 2024-ல் கம்ப்யூட்டருக்கு மீண்டும் விற்பனைக்கு வந்தது. மற்றவை ரசிகர்கள் கையில்தான் உயிரோடு இருக்கின்றன.

கார்டு அவுட்

15-வது நாள் என் கார்டு செத்தது. இரவெல்லாம் கண் விழித்து பதிந்த ஆட்டம் அத்தனையும் காலி. கடைக்கு ஓடினேன். "கார்டுக்கு கியாரண்டி கிடையாது தம்பி" என்று கையை விரித்தார். போலீசில் புகார் செய்யலாமா? திருட்டு நகையை தொலைத்தவன் ஸ்டேஷனுக்கு போன கதைதான்!

மறுபடி உத்திர வீதி. நண்பனின் சித்தப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது வாங்கி வந்த அசல் டிஸ்க் பரணில் கிடந்தது. பேரம் பேசி வாங்கிக்கொண்டேன். சொந்த டிஸ்க் கெட்டுப்போனால் உதவட்டும் என்று நகல் எடுத்து வைக்க 52-வது பிரிவு இடம் தருகிறது.

இப்போதும் காவிரி பாலத்தில் நாய்கள் பாய்கின்றன. நான் துள்ளுகிறேன். ஆனால் போலீஸ் ஜீப்பை பார்த்தால் துள்ளுவதில்லை!